படகுப் பழுதும் மிதவை நுரையும்

கட்டுமரம் கவிழ்ந்தாலும் அமிழ்வதில்லை. அதன் மரமே ஜலத்தைவிட இலேசானது. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரைகளில் மிகவும் பெருகிய பைபர் படகோ அத்தன்மையதன்று. கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த அதன் உடல், ஜலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ளது. அலை புகுந்து நிரம்பினால், அதை அமிழாமல் தாங்குவது உள்ளறைகளில் அடைத்துள்ள நுரையே. ஆகையால், பழுது பார்க்குங்கால் நுரையைத் தேர்ந்தெடுப்பது ஆட்களின் உயிரைப் பற்றிய விஷயமாகும்.

அளவு: ஒரு லிட்டர் கன அளவுள்ள இலேசான நுரை சுமார் ஒரு கிலோ பாரத்தைத் தாங்கும். ஜலத்தினுள் பைபர் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கும், இரும்பு எட்டில் ஏழு பங்கும் கனக்கும். 300 கிலோ உடலுக்கு 100 லிட்டரும், 80 கிலோ இரும்பு இயந்திரத்திற்கு 70 லிட்டரும் ஆக 170 லிட்டர் நுரை வேண்டும். பற்றிக்கொள்ளும் ஆட்களுக்காக மேலும் பாதி சேர்த்து, சுமார் 250 லிட்டர் வைத்தல் நலம்.

வகை: தெர்மாகோல் விலை மலிவு; ஆனால் பைபர் வேலைக்குரிய பாலியெஸ்டர் ரெசினும் பெட்ரோலும் பட்டால் கரைந்துபோகும். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரத்தேன் அவ்வாறு கரையாது. எனினும், ஒரேயடியாக ஊற்றினால் பொங்கிப் பலகையைப் பிதுக்கிவிடும். சிறுகச் சிறுக, காற்றோட்டமுள்ள இடத்தில் ஊற்றவேண்டும். வருஷக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் இதுவும் ஜலத்தைக் குடிக்கும். பாலிஎதிலீன் நுரைப் பலகை ஜலத்திற்கும் பெட்ரோலுக்கும் தாங்கும். ஆயின் ரெசின் அதில் ஒட்டாதாகையால், அசையாதபடி இறுக அடைத்துக் கட்டவேண்டும்.

பரீட்சை: வாங்குமுன் ஒரு துண்டை நிறுத்து, கல்லைக் கட்டி ஏழு நாள் ஜலத்தில் அமிழ்த்திவைத்து, மேலீரத்தைத் துடைத்து மறுபடி நிறுக்கவேண்டும். கனம் வெகுவாய் ஏறியிருப்பின் அதை விலக்குக. மற்றொரு துண்டில் ரெசின் சில துளிகள் விட்டுப் பார்க்கவேண்டும். பழைய படகிலும் நுரையைச் சிறிது அறுத்தெடுத்துப் பிழிந்து பார்க்கலாம். ஈரம் ஊறிய நுரை தாங்குவதற்குப் பதிலாகப் பாரமாய் நிற்கும். அதன்மேல் புதுப் பலகை போட்டு மூடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

இடம்: நுரை முழுவதையும் அடித்தளத்தில் வைத்தால், நிரம்பிய படகு குப்புறக் கவிழக்கூடும். இரு பக்கங்களிலும் மேல்விளிம்பை ஒட்டிச் சமமாகப் பகிர்ந்து வைத்தால், நிமிர்ந்து மிதக்கும்.

சங்கத்தார் மொத்தமாகக் கொள்முதல் செய்யுங்கால், விலைப்பட்டியலோடு இப்பரீட்சையின் முடிவையும் அங்கத்தினர் கூட்டத்தில் வைத்துத் தீர்மானித்தல் உசிதம்.