160-ஆ, 310-ஆ?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் சிப்காட்டுக்கு பைக்கில் போய் வருகிறேன். அப்பாச்சி ஆர்டிஆர் 160 வாங்குவதா, ஆர்ஆர் 310 வாங்குவதா? செலவு எவ்வளவு கூடும்?

பதில்: 310 உங்கள் ஓசூரிலேயே தயாராகும் வண்டி, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் போக வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆயிற்றே! 160 லிட்டருக்கு 45, 310 லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சுமார் 110 ரூபாய் கூடும்; 25 வேலைநாளுக்கு 2,750 ரூபாய்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் வித்தியாசமில்லை. 150 முதல் 350 சிசி வரை ஒரே கட்டணம். 2022 அறிவிப்புப்படி ஆண்டுக்கு 1,366 ரூபாய். சொந்தச் சேதக் காப்பீடு வண்டி விலையோடு ஏறும். 310-இன் அகல ரேடியல் டயர், கூலன்ட் செலவு தனி.

வேலைக்குப் போக 160 போதும்.