முறையிடுவது புறம் பேசுவதாகுமா?

கணவன் கை நீட்டுகிறான். அடிபட்ட பெண் தாய்வீட்டுக்கு வந்து அழுகிறாள். தாயோ, "கணவனுடைய குறையை வெளியில் சொல்லாதேம்மா, புறம் பேசிய குற்றம் வந்து சேரும்; ஸப்ரு செய்" என்று கண்ணைத் துடைத்துத் திருப்பி அனுப்பி விடுகிறாள். நம் இல்லங்களில் கேட்டுப் பழகிய பேச்சு இது. ஸப்ரு உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. புறம் பேசுவது ஹராம் என்பதிலும் ஐயமில்லை. இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு அல்லாஹுதஆலா ஸூரத்துல் ஹுஜுராத்தில் அதை ஒப்பிட்டிருக்கிறான். ஆனால் இவ்விரண்டையும் அடிபடும் பெண்ணின் வாய்க்குப் பூட்டாக மார்க்கம் செய்து வைத்திருக்கிறதா? இதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுவதன் கேட்டை விளக்கிய பின், பிறருடைய குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறார்கள். அவற்றில் முதலாவதே அநீதிக்கு ஆளானவரின் முறையீடுதான். நீதி பெற்றுத் தரும் அதிகாரமோ ஆற்றலோ உள்ளவரிடம் அவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். இரண்டாவது, தீமையை நிறுத்த உதவி தேடுவது. மூன்றாவது, ஃபத்வா கேட்பது. என் தகப்பனார், என் சகோதரர், என் கணவர் இப்படி அநீதி செய்கிறார், இதற்கு வழி என்ன என்று கேட்பதை இமாமவர்கள் இங்கே உதாரணமாகவே காட்டுகிறார்கள். அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் போதிய செலவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் சொன்னதே இதற்கு ஆதாரம். கணவரின் குறையைப் பேசாதே என்று நபியவர்கள் தடுக்கவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக் கொள்ள வழி சொன்னார்கள்.

நான்காவது சந்தர்ப்பம், ஒருவரை எச்சரிப்பது. திருமண ஆலோசனை இதில் அடங்கும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி) அவர்களும் அபூஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டார்கள். அந்தப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டபோது, முஆவியா பொருளில்லாதவர் என்றும், அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றும் ஒளிவின்றிச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணந்து கொள்ளச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பில், அபூஜஹ்ம் பெண்களை அடிப்பவர் என்று வெளிப்படையாகவே வந்திருக்கிறது. நம் ஊர்களில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருபவரிடம், முதல் மனைவியை அடித்து விரட்டியவனைக்கூட "தங்கமான பிள்ளை" என்று சொல்லி அனுப்புகிறோம். அதைப் பேணுதல் என்றும் எண்ணிக் கொள்கிறோம்!

அபூதாவூதில் பதிவான செய்தி இன்னும் கவனிக்கத் தக்கது. பெண்களை அடிக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். பெண்கள் கணவன்மாரை எதிர்க்கத் துணிந்து விட்டார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் வந்து சொன்னதும் அத்தடை தளர்ந்தது. உடனே ஏராளமான பெண்கள் நபியவர்களின் இல்லங்களைச் சுற்றி வந்து தங்கள் கணவர்களைப் பற்றி முறையிட்டார்கள். நபியவர்கள் அப்பெண்களைக் கடிந்து கொள்ளவில்லை. அவர்கள் முறையிட வந்ததை மக்களுக்கு அறிவித்து, அப்படிப்பட்ட ஆண்கள் சிறந்தவர்கள் அல்லர் என்றே சொன்னார்கள். எந்தக் கணவனின் பெயரும் அங்கே சொல்லப்படவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

ஸூரத்துன்னிஸாவின் 34-ஆம் வசனத்தை எடுத்துக் காட்டிச் சிலர் வாதிப்பதுண்டு. காயம் உண்டாக்கும் அடி கூடாதென்று இறுதி ஹஜ்ஜிலேயே எல்லை இடப்பட்டு விட்டது. நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தாபிஈன்களில் பெரியவரான அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்களோ, கோபத்தைக் காட்டலாமே தவிர அடிக்கலாகாது என்றார்கள். அந்த வசனத்தைச் சொல்பவர்கள் அடுத்த 35-ஆம் வசனத்தை மறந்து விடுகிறார்கள். இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்வது அது. வெளியார் யாருக்கும் தெரியக் கூடாதென்றால் நடுவர் எங்கிருந்து வருவார்?

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களைக் கணவர் அடித்து உடலில் ஊனம் உண்டாக்கியபோது, அவர்கள் ஸுப்ஹு நேரத்தில் நபியவர்களிடம் வந்தார்கள். மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்து அவர்கள் பிரிய வழி செய்யப்பட்டது. இந்திய நாட்டில் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், வழக்கமாக அடிக்கும் கணவனிடமிருந்து மனைவி விடுதலை கோரலாம் என்கிறது. பிரிய விரும்பாதவளுக்கும் பாதுகாப்பு உண்டு. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பிலுள்ள 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. அடி மட்டுமல்ல, இழிசொல்லும், செலவுக்குத் தராமல் வாட்டுவதும் அதில் வன்முறையே. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே வசிக்கலாம். ஜமாஅத்தார் சமாதானம் பேசட்டும், நல்லது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்னும்போது பஞ்சாயத்துக் கூடும்வரை காத்திருப்பது அறிவீனம். முதலில் ஆஸ்பத்திரி, அங்கே அடிபட்ட காரணத்தை மறைக்காமல் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு போலீஸ்.

இப்போது கைபேசிக்கு வருவோம். மஸ்ஜிதின் பயான் எட்டாத சகோதரிகளின் கையிலும் அது இருக்கிறது. அடிபட்ட பெண்ணின் முகப்படத்தைப் பெயரோடு வாட்ஸ்அப்பில் இருநூறு பேருக்கு அனுப்பி "துஆச் செய்யுங்கள்" என்று எழுதுகிறார்கள். அந்த இருநூறு பேரில் நீதி பெற்றுத் தரக் கூடியவர் யார்? இமாமவர்கள் சொன்ன முதல் நிபந்தனையே அங்கில்லை. அவள் மானம்தான் ஊர் சுற்றுகிறது. அதே கைபேசியில், மேலே சொன்ன ஹதீஸ்களை யார் பெயரும் இன்றி ஓர் ஆலிமாவின் குரலில் பதிவு செய்து குடும்பங்களுக்கு அனுப்பினால், அது நபியவர்கள் பொதுவில் அறிவித்த முறையைச் சார்ந்ததாகும். நிக்காஹ் பேசும் வீட்டாருக்கு ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி போய்ச் சேரட்டும்.

அடிபடும் சகோதரி, கணவனின் மிரட்டல் செய்திகளை அழித்துவிட வேண்டாம். நாளை அவையே சாட்சியாகும். கைபேசியை அவன் எடுத்துப் பார்ப்பவனாயின், நம்பத் தகுந்த ஒருவருக்கு அவற்றை அனுப்பி வைத்த பின் அனுப்பிய சுவட்டை மட்டும் நீக்கிக் கொள்ளலாம். பெண்களுக்கான உதவி எண் 181. வீட்டிலிருந்து பேச இயலாதவள் தாய்வீட்டிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ பேசலாம். அவளுக்காக அவள் தாயும் பேசலாம்.