280 கேபி எப்படி 30 கேபி ஆகுது? ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைச் சுருக்குவது பற்றி

நம்மில் நிறைய பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக ஒரு வெப் ஆப்தான் பண்றோம். லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடும்போது எல்லாமே பறக்கும். ஏன்னா ஃபைலும் ப்ரௌசரும் ஒரே மெஷினில் இருக்கு, நடுவில் நெட்வொர்க்கே கிடையாது. அதையே சர்வரில் ஏற்றி, சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுற இடத்தில் சாதாரண போனில் திறந்து பாருங்க. வெள்ளைத் திரை அப்படியே நிற்கும். பயன்படுத்துறவர் காத்திருக்க மாட்டார், மூடிட்டுப் போயிடுவார்.

இதுக்குப் பெரும்பாலும் ஒரு முக்கியக் காரணம், நாம அனுப்புற ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலோட எடை. அதைக் குறைக்க இரண்டு வழி இருக்கு. இரண்டையுமே "கம்ப்ரஷன்"னு சொல்றதால, ஒன்று பண்ணினா போதும்னு பலர் நினைச்சுக்கிறாங்க. ஆனால் இரண்டும் வேற வேற வேலை.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

எல்லோருக்கும் தெரிந்த ஜேக்வெரியையே எடுத்துக்குவோம். 3.7 வரிசையில் சுமாரான அளவுகள் இவை:

- எழுதினபடியே இருக்கும் ஃபைல்: 280 கேபிக்கு மேல்
- மினிஃபை மட்டும் செய்தால்: சுமார் 87 கேபி
- ஜி-ஜிப் மட்டும் செய்தால்: 80 கேபிக்கு மேல்
- மினிஃபை செய்து, பிறகு ஜி-ஜிப்: சுமார் 30 கேபி

நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 280 கேபி வந்து சேர இரண்டு நொடிக்கு மேல் ஆகும். 30 கேபிக்குக் கால் நொடி போதும். எதாவது ஒன்றோடு நிறுத்தினால் கிடைப்பதை விட, இரண்டும் சேரும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குது. ஏன்னு பார்க்கலாம்.

மினிஃபை: மனுஷனுக்காக எழுதினதை எடுத்துவிடுவது

கமென்ட், இன்டென்டேஷன், காலி வரி எல்லாம் நமக்காக. ப்ரௌசருக்கு அது எதுவும் வேண்டாம். டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் எழுதின ஜேஎஸ்மின் மாதிரி ஆரம்பகால டூல்கள் இதை மட்டும்தான் நீக்கின. இப்போது இருக்கிற டெர்சர், இஎஸ்பில்ட் போன்றவை ஒரு படி மேல. கோடை முழுசாகப் படித்து, கம்பைலர் லேபில் நாம வரைஞ்ச அதே சின்டாக்ஸ் ட்ரீயாக மாற்றி, திரும்ப சின்னதாக எழுதுது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொத்தமதிப்பெண் என்று வைத்தால் யூடிஎஃப்-8 முறையில் 42 பைட். ஃபங்ஷனுக்குள்ளே மட்டும் பயன்படுகிற பெயராக இருந்தால் மினிஃபையர் அதை ஒற்றை எழுத்தாக்கிடும், 1 பைட். எப்பவுமே ஓடாத கோடு இருந்தால் அதையும் தூக்கிடும்.

எல்லாப் பெயரையும் இப்படி மாற்ற முடியாது. குளோபல் பெயர்களும் ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டி பெயர்களும் வேற ஃபைலிலோ சர்வரிலிருந்து வரும் ஜேசனிலோ இருக்கலாம். அதனால மினிஃபையர் அதைத் தொடாது. பெயரையே நம்பி நடக்கிற கோடும் உண்டு. பழைய ஆங்குலர்ஜேஎஸ், ஃபங்ஷன் பாராமீட்டரின் பெயரைப் படித்துத்தான் எந்த சர்வீஸைக் கொடுக்கணும்னு முடிவு பண்ணும். மினிஃபை பண்ணினதும் அந்தப் பெயர் மாறிடும், ஆப் படுத்துடும். அதனால்தான் அதில் பெயர்களைத் தனியாக ஸ்ட்ரிங்காக எழுதிக் கொடுக்கிற முறை வந்தது. ஸ்ட்ரிங்கை மினிஃபையர் மாற்றாது.

இன்னொரு பொறி, ஃபைல்களைக் கையால் ஒட்டுவது. முதல் ஃபைலின் கடைசி வரியில் செமிகோலன் இல்லை, அடுத்த ஃபைல் அடைப்புக்குறியில் தொடங்குதுன்னு வைங்க. முந்தின மதிப்பையே ஃபங்ஷனாகக் கூப்பிடச் சொல்றோம்னு ஜாவாஸ்கிரிப்ட் நினைச்சுக்கும். பழைய லைப்ரரிகள் பல, முதல் எழுத்தாகவே ஒரு செமிகோலன் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான். ஒட்டுற வேலையை பண்ட்லரிடம் விடுவதே நல்லது.

ஜி-ஜிப்: திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது

ஜி-ஜிப் 1992-ல் வந்தது. உள்ளே இரண்டு ஐடியா. ஒன்று, லெம்பல், சிவ் இருவரும் 1977-ல் கொடுத்தது: முன்னாடி வந்த துண்டு மறுபடி வந்தால் அதை எழுதாதே, "இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை பைட் எடு"ன்னு மட்டும் எழுது. பின்னால் 32 கேபி தூரம் வரைக்கும் தேடும். இன்னொன்று, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் நாம படிச்ச ஹஃப்மன் கோடிங், 1952: அடிக்கடி வருவதற்குக் குறைவான பிட். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே கீவேர்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் இது நல்லா வேலை செய்யும்.

அப்போ மினிஃபை எதுக்கு? ஜி-ஜிப் எதையும் தூக்கி எறியாது. உங்க கமென்ட்டையும் பத்திரமாகச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் அப்படியே விரித்துக் கொடுக்கும். விரிந்த ஃபைலை ப்ரௌசர் முழுசாகப் படிச்சாகணும். விலை குறைந்த போனில் அந்த வேலைக்கும் நேரம் பிடிக்கும். மினிஃபை அந்தச் சுமையையும் குறைக்குது.

மினிஃபை நம்ம பில்டில் நடக்கும், ஜி-ஜிப் சர்வரில் நடக்கும். ப்ரௌசர் தன் ரிக்வெஸ்ட்டில், தனக்கு எந்தெந்தச் சுருக்க முறை தெரியும்னு சொல்லும். சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதைப் பயன்படுத்தினேன்னு ஹெடரில் எழுதி அனுப்பும். ப்ராஜெக்ட்டுகளில் கோட்டை விடுற இடம் இதுதான். என்ஜின்எக்ஸ் சர்வரில் ஜி-ஜிப் இயல்பாக அணைந்துதான் இருக்கும். அதை ஆன் பண்ணினாலும், ஹெச்டிஎம்எல் ஃபைலை மட்டும்தான் சுருக்கும். ஜி-ஜிப் டைப்ஸ் என்ற செட்டிங்கில் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், ஜேசன் மூன்றையும் நாமதான் சேர்க்கணும். ஜேபெக், பிஎன்ஜி படங்களைச் சேர்க்க வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கினவை, சர்வருக்கு வீண் வேலை.

ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் ப்ரோட்லியும் பயன்படுத்தலாம். வெப்பில் அடிக்கடி வரும் துண்டுகள் அடங்கின ஒரு அகராதி அதுக்குள்ளேயே இருப்பதால், பெரும்பாலும் ஜி-ஜிப்பை விடச் சின்னதாகச் சுருக்கும்.

தமிழில் ஆப் பண்றவங்க கவனத்துக்கு

யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து எண்ணினால் 5 குறியீடு, 15 பைட். இஎஸ்பில்டை நேரடியாகப் பயன்படுத்தினால், அது ஆஸ்கி அல்லாத எழுத்துகளை இயல்பாகவே எஸ்கேப் குறியீடாக மாற்றும். ஒவ்வொன்றும் 6 பைட். அதே சொல் 30 பைட் ஆகிடும்! சுருக்கப் போட்ட டூலே தமிழ் வரிகளை இரட்டிப்பாக்குது. ஜி-ஜிப் இதை ஓரளவு சரிக்கட்டும், ஆனால் ப்ரௌசர் படிக்க வேண்டிய ஃபைல் பெருசாகவே இருக்கும். அதில் கேரக்டர் செட்டை யூடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் சரியாகிடும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லிலும் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருக்கணும், இல்லாவிட்டால் எழுத்து உடைந்து தெரியும்.

மினிஃபை பூட்டு இல்லை

மினிஃபை பண்ணின கோடு நமக்குப் புரியாமல் இருக்கு, அதனால் யாருக்கும் புரியாதுன்னு ஏபிஐ கீயை அதுக்குள்ளே வைக்காதீங்க. வேரியபிள் பெயர்தான் மாறும், ஸ்ட்ரிங் அப்படியே இருக்கும். ப்ரௌசரிலேயே ஒரு பட்டன் அழுத்தினால் கோடை அழகாக வரி பிரித்துக் காட்டும். கீ சர்வரில் இருக்கட்டும். நமக்கு பக் தேட சோர்ஸ் மேப் இருக்கு. மினிஃபை ஆன வரியிலிருந்து நாம எழுதின வரிக்கு அது கூட்டிட்டுப் போகும்.

இப்போவே சோதிச்சுப் பாருங்க

1. உங்க ப்ராஜெக்ட்டைக் குரோமில் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபுக்குப் போங்க. கேஷை முடக்கிட்டு ரீலோட் பண்ணுங்க.
2. கீழே இரண்டு எண் இருக்கும்: நெட்வொர்க்கில் வந்த அளவு, விரிந்த பிறகான அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சர்வர் சுருக்கவில்லை.
3. ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைக் கிளிக் பண்ணிப் பாருங்க. கமென்ட்டெல்லாம் தெரிந்தால் மினிஃபை நடக்கவில்லை.
4. ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக முழு லைப்ரரியையும் இழுத்திருக்கீங்களான்னு பாருங்க. அனுப்பாத கோடைச் சுருக்கவே வேண்டாம்.

நான்கும் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை. ரிவ்யூவுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்.