ஒரே எடை, வேறு வேறு குண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

எடை 16 கிலோவாக இருக்கும்வரை எந்தக் கெட்டில்பெல்லை, அதாவது கைப்பிடி வைத்த எடைக்குண்டை, வாங்கினாலும் பலன் ஒன்றே என்று உன் நண்பர்கள் சொல்வதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருந்தாய். சரியன்று. விஷயம் அறிந்தவர்களே இந்த அபிப்பிராயத்தைத் தயக்கமின்றிப் பரப்பி வருவது எனக்கு மிகுந்த எரிச்சலை உண்டாக்குகிறது. இந்தக் கருவியின் விசேஷமெல்லாம் அதன் பாரம் கைப்பிடிக்கு வெளியே தொங்குவதில் இருக்கிறது. அது எவ்வளவு தள்ளித் தொங்குகிறது, சுழன்று வரும்போது கையின் எந்த ஸ்தானத்தில் வந்து அமர்கிறது என்பவற்றைத் தராசு காட்டாது.

வார்ப்பிரும்புக் குண்டு எடை ஏற ஏற உருவத்திலும் பெருத்துக்கொண்டே போகும். போட்டிக்கென்று உருக்கினால் செய்யப்படுவதோ, 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் வெளியளவில் ஒன்றாகவே இருக்கும். உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் கூட்டியும் குறைத்தும் எடையை மாற்றுகிறார்கள். 16 கிலோவுக்கு மஞ்சள், 24-க்குப் பச்சை, 32-க்குச் சிவப்பு என்று நிறத்தால் இனங்காண்பது வழக்கம். இந்த ஒரே அளவை வெறும் அலங்காரமென்று நினைத்துவிடாதே. குண்டைத் தோளுக்கு ஏற்றும்போது அது புறங்கையைச் சுற்றி வந்து முன்கையின்மேல் அமர்கிறது. சிறிய குண்டு மணிக்கட்டெலும்புக்கு அருகிலும் பெரிய குண்டு அதற்கு அப்பாலும் விழுமாதலால், வார்ப்பிரும்பில் பழகுகிறவன் எடையை உயர்த்துந்தோறும் அந்த அமர்வைப் புதிதாகப் பயில வேண்டியிருக்கிறது. போட்டிக் குண்டில் பழகுகிறவனுக்கோ, இலேசான எடையில் கை கற்ற பாடம் கனத்த எடையிலும் அப்படியே உதவுகிறது. 10 நிமிஷம் குண்டைத் தரையில் வைக்காமல் தூக்க வேண்டிய போட்டியில் இது சிறிய அனுகூலமன்று.

எடைகளின் இந்த வரிசையே ருஷ்ய தேசத்தின் பழைய நிறையளவையிலிருந்து வந்தது. பூட் என்பது ஏறக்குறைய 16.38 கிலோ; 16, 24, 32 என்பவை முறையே ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட்.

ஆயினும் உனக்கு நான் சிபாரிசு செய்வது போட்டிக் குண்டையன்று. இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் அப்பியாசத்தைத்தான் முதலில் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். போட்டிக் குண்டின் கைப்பிடி ஒற்றைக் கைக்கென அமைந்தது. அதன் குறுகிய இடைவெளியில் இரு கைகளும் நெருக்குண்டு தவிக்கும். வார்ப்பிரும்பின் அகன்ற கைப்பிடியே இதற்குச் சௌகரியம். ஒற்றைக் கைப் பயிற்சிகளில் மனம் ஊன்றிய பிறகு மற்றதை வாங்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் நிரப்பி விற்பவற்றை மட்டும் தொடாதே. எடைக்கு மிஞ்சிய பருமனுடைய அவை வீச்சையே கெடுத்துவிடும். தகடுகளை மாற்றி எடை கூட்டும் வகை இடவசதியற்றோருக்கு உதவும். உள்ளே தகடு ஆடுமானால் அதுவும் வேண்டாம்.

வழுவழுப்பான வண்ணப்பூச்சில், பிடி நழுவாமலிருக்கக் கையில் பூசும் சுண்ணப்பொடி நில்லாது, வியர்த்த கை வழுக்கும். ஆகையால் சற்றே சொரசொரப்பான கைப்பிடியாகத் தேர்ந்தெடு. பணம் கொடுக்குமுன் அதன் அடிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்; வார்ப்பின் பிசிறு தட்டுப்பட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் வேறொன்றைக் காட்டச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்