ஒரு பை ஆட்டமும் தனிப்பயிற்சியும்

விளையாட்டுக்கள் எல்லாம் பொழுது போக்குதற்கே அமைந்தன என்பார் உளர். உடலுக்கு உரமூட்டுதற்கே அமைந்தன என்பாரும் உளர். இவ்விரு பயன்களையுங் கடந்து, மனத்தை அடக்கவும் தன் குறையைத் தானே காணவும் கற்பிக்கும் விளையாட்டுக்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் 'ஒன் பாக்கெட்' என்பது. அதனை ஈண்டு 'ஒரு பை ஆட்டம்' என்று வழங்குவோம். அவ்வாட்டத்தின் இயல்பு இன்னதென்பதையும், எதிராடுவார் இல்லாத காலத்தும் ஒருவர் தனித்திருந்து அதிற் பயிற்சி பெறுமாறு எங்ஙனம் என்பதையும், யாம் பட்டறிந்த அளவில் ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஆட்டத்தின் இயல்பு

பூல் மேசையின்கண் பைகள் ஆறு. நான்கு மூலைகளிலும் நான்கும், நீண்ட விளிம்புகளின் நடுவே இரண்டும் அமைந்திருக்கும். பேரளவு மேசையின் ஆடுதளம் 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. பந்தின் குறுக்களவு 2¼ அங்குலம். மேசையின் ஒரு கோடியில் 15 பந்துகளை முக்கோணமாக அடுக்கி, மறு கோடியினின்று வெண்பந்தைக் கோலால் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவர். இவையெல்லாம் ஏனைய பூல் ஆட்டங்கட்கும் பொதுவே.

ஒரு பை ஆட்டத்தின் சிறப்பு யாதெனின், பந்தடுக்கிற்கு அப்பாலுள்ள இரு மூலைப்பைகளே அதிற் பயன்படுவன என்பது. ஒன்று ஒருவருக்கு உரியது. மற்றொன்று எதிரிக்கு உரியது. தம் பையில் முதலில் 8 பந்துகளை வீழ்த்துபவரே வென்றவர். 15இற் பெரும்பாதி 8 ஆதலின் இவ்வரையறை பொருத்தமுடையதே. எஞ்சிய நான்கு பைகளுள் வீழ்ந்த பந்து எவருக்கும் உரித்தாகாது. அது மீண்டும் மேசைமேல் உரிய புள்ளியில் வைக்கப்பெறும். எதிரியின் பையில் நாம் அறியாது வீழ்த்திய பந்தோ எதிரிக்கே கணக்காகும். வெண்பந்தைப் பையுள் வீழ்த்துதல் முதலிய பிழை செய்தவர், தாம் ஈட்டிய பந்துகளுள் ஒன்றை மேசைமேல் திரும்ப வைத்தல் வேண்டும். ஈட்டியது ஒன்றும் இல்லையேல் கடன்பட்டவராவர். அடுத்தடுத்து மூன்று முறை பிழை செய்தவர் ஆட்டத்தையே இழப்பர்.

இவ்விதிகளினின்று விளைவது யாது? ஏனைய ஆட்டங்களில் ஆறு வாயில்கள் திறந்திருக்க, இதில் ஒன்றே திறந்திருக்கின்றது. ஆகவே நேரே அடித்து வீழ்த்தத்தக்க பந்துகள் அருகியே வாய்க்கும். விளிம்பில் மோதித் திரும்பிவரச் செய்தலும், பந்தைத் தன் பையின் அருகே மெல்ல நகர்த்தி வைத்தலும், எதிரியின் பைக்கு அருகே நிற்கும் பந்தை அகற்றுதலும், வெண்பந்தை எதிரிக்குப் பயன்படாத இடத்தில் நிறுத்துதலுமே ஆட்டத்தின் பெரும்பகுதியாம். ஒரு பந்தை வீழ்த்த விரைந்து, அது தவறி, எதிரிக்கு எட்டுப் பந்துகளையும் திறந்துவிட்டுத் தோற்றவர் பலர். இவ்வாட்டத்திற் பொறுமையே பெருமுதல்.

சிறிது வரலாறு

1961ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜான்ஸ்டன் சிட்டி என்னும் சிற்றூரில் ஜான்ஸ்கோ உடன்பிறந்தார் இருவர் பூல் வல்லுநரையெல்லாம் அழைத்து ஒரு போட்டி நடத்தினர். அப்போட்டிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு பை ஆட்டமே. பிற்காலத்தே பிலிப்பைன்ஸ் நாட்டினரான எஃப்ரன் ரெய்ஸ் என்பார் இதிற் பெரும்புகழ் பெற்றார். 1999ஆம் ஆண்டில் ஒன்பது பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவில் நிகழும் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியின் ஒரு பை ஆட்டப் பிரிவிலும் பன்முறை வெற்றி கண்டவர். அவரை 'மாயவித்தைக்காரர்' என்றே அழைப்பர்.

ஒரு பை ஆட்டம் கடல் கடந்ததாயினும், கோலும் பந்தும் கொண்டாடும் ஆட்டவகை நம்மவர்க்குப் புதியதன்று. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலப் படைத்தலைவரிடையே தோன்றியதாகக் கூறப்படும் ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள், 1882ஆம் ஆண்டில் நம் நீலகிரியிலுள்ள உதகமண்டலத்துக் கிளப்பிலேதான் வரையறை பெற்றன என்பர்.

தனிப்பயிற்சியின் இடர்

சென்ற கோடை விடுமுறையில் யாம் நகரத்துக் கூடமொன்றில் இவ்வாட்டத்தை ஒரு நண்பரிடம் கற்றோம். கற்ற நாள் தொட்டு அவரிடம் தோற்றவண்ணமே இருந்தோம். 'தனித்துப் பழகி அவரை வெல்வோம்' என்று உறுதிகொண்டு, காலைப் பொழுதிற் கூடம் வெறிச்சென்றிருக்கும் வேளையிற் சென்று, வலப்பையை எமக்கும் இடப்பையை நண்பருக்குமாக வைத்து, இருவர்க்கும் யாமே ஆடிவந்தோம். ஆடிய பத்து ஆட்டங்களுள் எட்டில் வலப்பையே வென்றது. இனி வெற்றி எமதே என்று செம்மாந்து சென்று ஆடினோம். நண்பர் எட்டுப் பந்துகளை ஈட்டிய பொழுது யாம் ஈட்டியிருந்தது ஒன்று.

நாணமுற்றுத் திரும்பிய யாம் இதன் காரணத்தை ஆராயலுற்றோம். வலப்பைக்கு ஆடும்பொழுது மேசையைச் சுற்றி வந்து, குனிந்து நோக்கி, எண்ணி அடித்தோம். இடப்பைக்கு ஆடும்பொழுதோ, கண்ணிற் பட்டதை விரைந்து அடித்துவிட்டு, அடுத்த முறை எமதென மகிழ்ந்தோம். ஒரே கையே இருவர்க்கும் ஆடியதாயினும் கருத்து ஒருவர் பக்கமே நின்றது. பார்ப்பார் ஒருவரும் இல்லாத இடத்தில் எம்மை யாமே வஞ்சித்து வந்தோம் என்பது அன்றுதான் புலனாயிற்று. அவ்வஞ்சனையைச் செய்யும்பொழுது அறியாதிருந்தோம் என்பதே அதனினும் கொடிது.

இவ்விடத்து எம் பாடத்தினின்றே ஓர் உண்மை நினைவிற்கு வந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர், தமக்கு முன்னிருந்த உரையாசிரியர் கொள்கையை எடுத்துக் கூறியே அதனை மறுத்துச் செல்வர். தடையும் விடையும் ஆகிய இரண்டனையும் எழுதுவது ஒரே எழுத்தாணி. எனினும், தடையை வலிகுன்றக் கூறி விடையிறுத்தால் அவ்விடைக்கு மதிப்பில்லை. எதிரியின் வழக்கை எதிரியே மெச்சும்படி எடுத்து நிறுத்திப் பின் அதனை வெல்பவரே உரையாசிரியர். தனித்தாடுவாரும் அத்தகையரே. இடப்பைக்குரியவரை வலியராக்கினாலன்றி வலப்பைக்குரியவர் வலியராதல் இல்லை.

பயிற்சி முறைகள்

இனி யாம் பின்னர்க் கைக்கொண்ட முறைகளை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, வேகத்தை அளத்தல். பந்து ஒன்றும் இல்லாத மேசையில் வெண்பந்தை மட்டும் ஒரு கோடியினின்று அடித்து, மறு கோடி விளிம்பில் மோதித் திரும்பித் தொடங்கிய விளிம்பின் அருகே நிற்குமாறு செய்க. விளிம்பிற்கும் பந்திற்கும் இடையே ஒரு சாண் அளவு எஞ்சின் அது தொடக்கம். நான்கு விரல் அளவு எஞ்சின் நன்று. பின்னர் ஒரு காகிதத் துண்டைத் துணிமேல் வெவ்வேறிடங்களில் வைத்து, வெண்பந்து அதன்மேல் வந்து நிற்குமாறு அடித்துப் பழகுக. எதிரியைத் தடுத்தல் முழுவதும் வெண்பந்து நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அவ்விடமோ வேகத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, விளிம்பில் மோதித் திரும்பும் அடிகள். ஒளி கண்ணாடியிற் பட்டுத் திரும்புமாறு போலப் பந்தும் விளிம்பிற் பட்ட கோணத்திலேயே திரும்பும் என்பது பொதுவிதி. ஆனால் விளிம்பு கண்ணாடியன்று, அழுந்தும் இயல்பினது. ஆதலின் வலிந்தடித்த பந்து பொதுவிதி கூறும் கோணத்தினும் குறுகித் திரும்பும். பந்தின் உருளலும் சுழலும் கோணத்தை வேறுபடுத்தும். நீண்ட விளிம்பை எட்டுக் கூறாகவும் குறுகிய விளிம்பை நான்கு கூறாகவும் பகுக்கும் குறிகள் மேசையில் உள்ளன. அவற்றைத் துணையாகக்கொண்டு ஒரு பந்தை ஓரிடத்தில் வைத்து, ஒரே வேகத்தில் பத்து முறை அடித்து, எத்தனை முறை தன் பையுள் வீழ்ந்ததென்பதைக் குறித்துக்கொள்க. தவறியவழி, பையின் எப்புறம் தவறியதென்பதையும் குறிக்க. எண்ணினும் இக்குறிப்பே பயன் மிக்கது.

மூன்றாவது, எட்டும் எடுத்தல். 15 பந்துகளையும் மேசையிற் பரப்பிவிட்டு, வெண்பந்தை வேண்டிய இடத்தில் வைத்துத் தொடங்கி, ஒரு பையிலேயே தவறாது எத்தனை பந்துகளை வீழ்த்த இயலும் எனக் காண்க. தவறினால் எண்ணிக்கையைக் குறித்துவிட்டு மீண்டும் பரப்புக. தொடக்கத்தில் எமக்கு மூன்றைக் கடத்தலே அரிதாயிருந்தது. ஒரு பந்தை அடிக்கும்பொழுதே அடுத்த பந்தை நினைத்தல் வேண்டும் என்பதை இம்முறை கற்பிக்கும். ஒரு நாள் வலப்பைக்கு ஆடினால் மறுநாள் இடப்பைக்கு ஆடுக. அன்றேல் கண் ஒரு பக்கமே பழகிவிடும்.

நான்காவது, தொடக்க அடி. இதன் நோக்கம் இரண்டு: அடுக்கைத் தளர்த்திப் பந்துகள் சிலவற்றைத் தன் பைப்பக்கம் சாரச் செய்தல் ஒன்று, வெண்பந்தை எதிரிக்கு ஓரடியும் வாய்க்காத இடத்தில், விளிம்பை அடுத்து நிறுத்தல் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் முக்கோணச் சட்டத்தால் அடுக்கி அடிப்பது சலிப்புத் தருவதே. ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவருக்கு இவ்வடி வந்தே தீருமாகலின், நாளொன்றுக்கு ஐந்து முறையேனும் பழகுதல் நலம்.

ஐந்தாவது, இருவராக ஆடுதல். முன்னே எம்மை ஏமாற்றிய முறை இதுவே; திருத்தியவழி எல்லாவற்றினும் சிறந்ததும் இதுவே. யாம் அமைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் மூன்று. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கோலைக் கீழே வைத்து, சாக்குக்கட்டியைத் தடவி, மேசையை ஒரு முறை முற்றும் சுற்றிவந்த பின்னரே அடுத்தவருக்கு ஆடுதல் முதற் கட்டுப்பாடு. அடிக்கு முன், 'இவ்வடி தவறினால் எதிரிக்குக் கிடைப்பது யாது?' என்று வாய்விட்டுக் கேட்டு விடை கூறுதல் இரண்டாவது. பின்தங்கியவர் எவராயினும், அவர் பக்கம் ஆடும்பொழுது அவர் வெல்லவேண்டுமென்றே விழைதல் மூன்றாவது. இம்மூன்றாவதே அரிது.

இம்முறையில் ஆடும்பொழுது வேறொரு நுட்பமும் புலனாகும். சிற்சில நிலைகளில் எவ்வடியை அடித்தாலும் எதிரிக்குப் பல பந்துகள் வாய்க்கும். அத்தகைய நிலையில் வெண்பந்தை மெல்லத் தொட்டு வேண்டுமென்றே பிழை செய்து, ஒரு பந்தை இழந்து, பலவற்றைக் காத்தல் இவ்வாட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட சூழ்ச்சியே. மூன்று பிழைக்குத் தோல்வி என்னும் விதி அதற்கு எல்லை வகுக்கின்றது. எதிரிக்காகவும் ஆடிப் பழகாதவர்க்கு, அவர்க்கு வாய்ப்பன இத்துணை என்று மதிப்பிடத் தெரியாது; ஆதலின் எங்கே இழக்கவேண்டும் என்பதும் தெரியாது.

குறிப்பேடும் எல்லையும்

இவற்றையெல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுக. நினைவு எம்மிடம் முகமன் கூறும், ஏடு கூறாது. வலப்பை வென்ற ஆட்டங்களும் இடப்பை வென்ற ஆட்டங்களும் ஏறக்குறைய ஒத்து வருமாயின், இருவர்க்கும் நேர்மையாக ஆடினோம் என்று ஒருவாறு தெளியலாம். ஒன்று மிக்கும் மற்றொன்று குறைந்தும் வரின் மனம் சாய்ந்தது எனக் கொள்க.

தனிப்பயிற்சி எல்லாவற்றையும் தரும் என்றும் எண்ணற்க. நாம் எண்ணாத வழியை எதிரி எண்ணுவார். தோல்வி நெருங்கும்பொழுது கை நடுங்குதலைத் தனிமை கற்பிக்காது. ஆதலின் தனித்துப் பழகியதை அவ்வப்போது தம்மினும் வல்லாரிடம் சென்று சோதித்தல் வேண்டும்.

விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்புமுன் அந்நண்பரோடு மீண்டும் ஒரு முறை ஆடினோம். எட்டுக்கு ஆறு என்னும் அளவில் தோற்றோம். ஆட்டத்தினிடையே ஒரு நிலையில் நண்பர் நெடுநேரம் மேசையைச் சுற்றிவந்து, ஓரடியும் வாய்க்காமையின் வேண்டுமென்றே பிழை செய்து ஒரு பந்தை மேசைமேல் வைத்தார். அவ்வாறு அவர் எம்மிடம் செய்தது அதுவே முதன்முறை. அவர் நின்ற இடத்தில் நின்று அந்நிலையை முன்னரே நோக்கியிருந்தமையின், அவர் செய்தது சரியென்பதை யாமும் அறிந்தோம். காலைப் பொழுதின் தனிமையில் யாம் பெற்ற பயன் அதுவே.