பாதை படைத்த ஊர்

ஆற்றங்கரையில் தோன்றி வளர்ந்த நகரங்கள் பல. கோட்டையைச் சூழ்ந்து பெருகிய நகரங்களும், கடல் வாணிகத்தாற் செல்வம் பெற்ற நகரங்களும் உலகில் உண்டு. இவற்றுள் எவ்வகையிலும் சேராத ஊர் ஒன்று ரஷ்ய நாட்டில் இருக்கின்றது. அதனை ஆறு வளர்க்கவில்லை, அரசன் தலைநகராக்கவில்லை, ஓர் இருப்புப் பாதையே அதனை ஊராக்கியது. அதன் பெயர் பொலொகோயே என்பதாகும்.

ரஷ்யாவின் இரு பெரு நகரங்கள் மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் ஆம். அவற்றை இணைக்கும் இருப்புப் பாதை ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளமுடையது. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 319 கிலோமீட்டர் தொலைவிலும், மாஸ்கோவிலிருந்து 331 கிலோமீட்டர் தொலைவிலும் பொலொகோயே அமைந்துள்ளது. இரு நகரங்களுக்கும் இடையே பயணம் செய்வோர் பெரும்பாலும் அவ்வூரைக் கடந்தே செல்வர். ஆயின் அங்கு இறங்குவோர் மிகச் சிலர். பிறர் பயணம் இனிது நடைபெறுதற்பொருட்டே உழைத்து வந்த அச்சிற்றூரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

இவ்வூர் தவேர் மாநிலத்தில், வால்டாய் மேட்டு நிலத்தை அடுத்து, ஓர் ஏரியின் கரையில் உள்ளது. சுற்றிலும் பைன் மரங்களும் பிர்ச்சு மரங்களும் அடர்ந்த காடுகள். இடையிடையே சதுப்பு நிலங்கள். குளிர்காலத்தில் ஏரி நீர் உறைந்து பாறைபோல் ஆகிவிடும். கி.பி. 1495-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற நோவ்கொரோத் நாட்டு நிலவரிப் பதிவேட்டில் இவ்வூரின் பெயர் காணப்படுகின்றது. 'நல்லது' என்னும் பொருளுடைய பழைய ரஷ்யச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது என்பர். பதிவேட்டில் இடம் பெற்ற பின்னரும் மூன்றரை நூற்றாண்டுக் காலம் அஃது ஒரு சிற்றூராகவே இருந்தது.

அக்காலத்தில் இரு தலைநகரங்களுக்கும் இடையே குதிரை வண்டிகளே சென்று வந்தன. பயணம் பல நாட்கள் நீடிக்கும். வண்டிப் பெருவழி வால்டாய், நோவ்கொரோத் ஆகிய ஊர்களின் வழியாகச் சென்றது. ஆதலால் வால்டாயில் விடுதிகள் பெருகின, வாணிகம் சிறந்தது. அஞ்சற் குதிரைகளுக்கேற்ற மணிகளை வார்ப்பதில் அவ்வூர்க் கொல்லர் பெயர் பெற்றனர். பொலொகோயேயோ அப்பெருவழியினின்றும் விலகிக் கிடந்தது.

1842-ஆம் ஆண்டில் ஜார் மன்னர் முதலாம் நிக்கலஸ், இரு நகரங்களுக்கும் இடையே இருப்புப் பாதை அமைக்க ஆணையிட்டார். மெல்னிக்கோவ், கிராஃப்ட் என்னும் இரு ரஷ்யப் பொறியாளர்கள் பணியை நடத்தினர். அமெரிக்கப் பொறியாளரான விசிலர் ஆலோசகராக இருந்தார். பாதை இயன்றவரை நேராகவும் குறுகியதாகவும் அமைதல் வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. ஆகவே, பழம்பெருமை வாய்ந்த நோவ்கொரோத்தும் மணியோசை மிக்க வால்டாயும் ஒதுக்கப்பட்டன. எவரும் அறியாதிருந்த பொலொகோயே பாதையில் இடம் பெற்றது. பொறியாளர் வரைந்த ஒரு கோடு, ஓர் ஊரைத் தாழ்த்தி மற்றோர் ஊரை உயர்த்தியது.

பாதையின் நடுவில் பெரிய நிலையம் ஒன்று வேண்டியிருந்தமைக்குக் காரணம் உண்டு. நீராவி எஞ்சின் ஓயாது நெடுந்தூரம் ஓட இயலாது. அதன் கொதிகலனுக்கு நீர் வேண்டும்; அடுப்புக்கு விறகு வேண்டும். சில மணி நேரம் ஓடியபின் அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது பார்த்தல் வேண்டும். ஏரியின் நீரும், காட்டின் விறகும், நடுவழி என்னும் இருப்பிடமும் பொலொகோயேயில் ஒருங்கே அமைந்திருந்தன. 1851-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் முதற் பயணிகள் வண்டி பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டு, 21 மணி 45 நிமிடங்களில் மாஸ்கோவை அடைந்தது. பல நாட் பயணம் ஒரே நாளிற் சுருங்கியதைக் கண்டு மக்கள் வியந்தனர்.

இப்பாதையைக் குறித்து ஒரு கதை வழங்குகின்றது. மன்னர் நிலப்படத்தின் மீது அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தாராம். அவர் விரல் நுனி அளவுகோலுக்கு வெளியே நீண்டிருந்ததனால் கோடு ஓரிடத்தில் வளைந்துவிட்டதாம். அஞ்சிய பொறியாளர்கள் பாதையையும் அங்கே வளைத்துவிட்டனராம். இது வெறுங்கதை. வெரேப்யே என்னுமிடத்தில் இருந்த அவ்வளைவு 1881-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மன்னரோ 1855-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஆங்கிருந்த ஏற்றம் எஞ்சின்களின் ஆற்றலுக்கு மிஞ்சியதாக இருந்தமையே வளைவுக்குக் காரணம். 2001-ஆம் ஆண்டில் பாதை மீண்டும் நேராக்கப்பட்டது.

மன்னரின் விரலைப் பற்றிய கதை நிலைத்துவிட்டது. பாதையை உண்மையில் அமைத்தவர்களின் பெயர்களோ நிலைக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் பண்ணையடிமைகளான உழவர்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமே அவர்களுடைய கருவிகள். விடியல் முதல் அந்தி வரை சதுப்பு நிலத்தில் நின்று மண் சுமந்தனர்; இரவில் மண்குடில்களில் முடங்கினர். நச்சுக் காய்ச்சலுக்கு இரையானோர் மிகப் பலர். நெக்ராசோவ் என்னும் ரஷ்யக் கவிஞர் 1864-ஆம் ஆண்டில் 'இருப்புப் பாதை' என்னும் கவிதையை இயற்றினார். இப்பாதையைக் கட்டியவர் யார் என்று வண்டியிற் செல்லும் சிறுவன் ஒருவன் வினவ, அவனுடைய தந்தை ஓர் உயர் அதிகாரியின் பெயரைக் கூறுகின்றார். பெயரற்ற உழைப்பாளரே அதனைக் கட்டினர் என்பதைக் கவிஞர் அச்சிறுவனுக்கு உணர்த்துகின்றார்.

பாதை வந்தபின் ஊர் விரைந்து வளர்ந்தது. இருபுறமும் தண்டவாளங்கள் ஓட, நடுவே ஒரு தீவுபோல் நிலையம் எழுந்தது. எஞ்சின்கள் தங்குவதற்கு வட்ட வடிவமான பெருங்கொட்டகை ஒன்றும் கட்டப்பட்டது. எஞ்சின் ஓட்டுநர், அடுப்பெரிப்போர், கைகாட்டி இயக்குவோர், கொல்லர், தச்சர் முதலியோர் குடும்பத்துடன் வந்து குடியேறினர். கோயில் மணியைக் காட்டிலும் எஞ்சினின் ஊதலே அவ்வூராருக்குப் பொழுதை அறிவித்தது எனலாம். மாலையில் ஒரு நகரத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி நள்ளிரவை ஒட்டி அங்கு வந்து நிற்கும். எஞ்சினை மாற்றும் வரையில் பயணிகள் இறங்கி உண்பர், தேநீர் பருகுவர். டால்ஸ்டாய் எழுதிய 'அன்னா கரேனினா' என்னும் நாவலில், கதைத் தலைவி பனிப்புயல் வீசும் இரவில் வண்டியினின்று இறங்கி நிற்பது இந்நிலையத்திலேதான்.

பின்னர்க் கிளைப் பாதைகள் தோன்றின. 1870-ஆம் ஆண்டில் வால்கா ஆற்றங்கரைத் துறையாகிய ரைபின்ஸ்க் நகருக்குப் பாதை அமைந்தது. படகுகளில் அங்கு வந்திறங்கிய தானியம், பொலொகோயே வழியாகத் தலைநகரை அடைந்தது. 1897-ஆம் ஆண்டில் மேற்கே பிஸ்கோவ் நகருக்கு ஒரு பாதை திறக்கப்பட்டது. முன்னர்ப் பெருவழியில் சிறந்திருந்த வால்டாய், இப்போது பொலொகோயேயிலிருந்து செல்லும் கிளைப் பாதையில் ஒரு நிலையமாயிற்று. 1907-ஆம் ஆண்டில் வெலிக்கியே லூக்கி, போலோட்ஸ்க் நகரங்களின் வழியாகப் போலந்தை நோக்கி மற்றொரு பாதை முடிந்தது. மேற்கு எல்லைக்குப் படைகளை விரைந்து அனுப்புதல் அதன் நோக்கம். இவ்வாறு ஐந்து திசைகளிலிருந்து வரும் பாதைகள் கூடும் சந்திப்பாகப் பொலொகோயே விளங்கியது.

இச்சந்திப்பின் சிறப்பு 1917-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பீட்டர்ஸ்பர்க் அப்போது பெட்ரோகிராட் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கே புரட்சி மூண்டது. போர்முனைத் தலைமையிடத்தில் இருந்த ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸ், மார்ச்சு 13-ஆம் நாள் தனி வண்டியில் தலைநகருக்குப் புறப்பட்டார். வண்டி பொலொகோயேயைக் கடந்து மாலயா விஷேரா என்னும் நிலையத்தை அடைந்தது. அதற்கு அப்பாலுள்ள நிலையங்கள் புரட்சிப் படையினர் வசமாயின என்ற செய்தி நள்ளிரவுக்குப் பின்னர் எட்டியது. வண்டி திரும்பிற்று. மறுநாட் காலை மீண்டும் பொலொகோயேக்கு வந்து, அங்கிருந்து பிஸ்கோவ் செல்லும் பாதையில் திரும்பியது. மார்ச்சு 15-ஆம் நாள் பிஸ்கோவில், தம் வண்டியிலேயே, மன்னர் முடி துறந்தார். முந்நூறு ஆண்டுகள் ஆண்ட ரோமனோவ் மரபின் இறுதிப் பயணத்தை இச்சிற்றூரின் தண்டவாளங்கள் சுமந்தன. அதே ஆண்டில் பொலொகோயே நகரமாக அறிவிக்கப்பட்டது.

அதனினும் கொடிய சோதனை 1941-ஆம் ஆண்டில் வந்தது. ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டினுட் புகுந்தன. லெனின்கிராட் என்று அந்நாளில் வழங்கிய பீட்டர்ஸ்பர்க்குக்குச் செல்லும் பாதை சூடவோ என்னுமிடத்தில் துண்டிக்கப்பட்டது. பிஸ்கோவ்ப் பாதையும் வெலிக்கியே லூக்கிப் பாதையும் பகைவர் கையில் அகப்பட்டன. அக்டோபரில் கலீனின் எனப்பட்ட தவேர் நகரம் வீழ்ந்தமையால் மாஸ்கோ செல்லும் நேர்ப்பாதையும் அறுந்தது. டிசம்பரில் அந்நகரம் மீட்கப்படும்வரை, ஐந்து பாதைகளுள் முழுமையாக எஞ்சியது ரைபின்ஸ்க் பாதை ஒன்றே. அதன் வழியாகவே வடமேற்குப் போர்முனைக்குப் படைகளும் உணவும் வெடிமருந்தும் வந்தன. பகைவர் வானூர்திகள் பொலொகோயே நிலையத்தின்மீது மீண்டும் மீண்டும் குண்டு பொழிந்தன. இருப்புப் பாதைத் தொழிலாளர் பிளந்த தண்டவாளத்தை அகற்றிப் புதியதை இட்டு வண்டிகளைச் செலுத்தினர். எரியும் பெட்டிகளைக் கழற்றி அப்புறப்படுத்திய கைகளுக்குத் துப்பாக்கி ஏந்திய கைகளினும் குறைந்த வீரம் இருந்ததென்று யார் கூறுவர்?

போருக்குப்பின் காலம் மாறியது. 1962-ஆம் ஆண்டளவில் அப்பாதை முழுவதும் மின்மயமாயிற்று. மின்சார எஞ்சினுக்கு விறகும் வேண்டா. ஏரி நீரும் வேண்டா. 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் 'சப்சான்' என்னும் விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. முன்னர் இருபத்திரண்டு மணி நேரம் பிடித்த பயணத்தை அது ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிக்கின்றது. அத்தகைய வண்டிகள் பல பொலொகோயேயில் நில்லாமலே விரைகின்றன. 1989-ஆம் ஆண்டில் முப்பத்தையாயிரத்திற்கு மேற்பட்டிருந்த அவ்வூர் மக்கள்தொகை, 2010-ஆம் ஆண்டில் இருபத்துமூவாயிரமாகக் குறைந்தது. இளைஞர் பலர் தம் ஊரைக் கடந்து செல்லும் வண்டியிலேயே ஏறிப் பெருநகரங்களுக்குச் சென்றுவிட்டனர். பெருவழி விலகியபோது வால்டாய்க்கு நேர்ந்தது, வேகம் மிகுந்தபோது பொலொகோயேக்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம்.

ஆயினும் அவ்வூரின் பணி முடிந்துவிடவில்லை. ஐந்து பாதைகளும் இன்றும் அங்கே கூடுகின்றன. பனி பெய்யும் இரவில் தண்டவாளத்தைச் செப்பனிடுவோர் ஒருவராவது விழித்திராவிடின், கண்ணாடிச் சன்னலருகே உறங்கிச் செல்லும் பயணி தன் ஊரை நலமாக அடைதல் அரிது.

வழியோரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நாம் அறிவோம். வழிப்போக்கர் சுமையை அதன்மீது இறக்கி இளைப்பாறுவர். பின் சுமையை எடுத்துக்கொண்டு நடப்பர். அக்கல்லை நட்டவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. பொலொகோயேயும் ஒரு சுமைதாங்கியே ஆகும். நாம் வண்டியில் விரைந்து செல்லும்போது கணப்பொழுதில் மறையும் சிறு நிலையங்கள் பல உள்ளன. அவற்றின் பெயர்ப்பலகையைப் படிக்கும்பொழுது, நம் பயணத்தைத் தாங்கி நிற்கும் உழைப்பாளர் அங்கே இருக்கின்றனர் என்பதை நினைவு கூர்தல் நம் கடமை. நெக்ராசோவின் சிறுவன் கேட்ட வினாவை நாமும் கேட்டுப் பழகுவோமாக.