பழங்காசு வாங்கப் போறீங்களா? முதல்ல க்யூசி பாருங்க!

பீஸில் ஒரு நீடில் ஹோல் தெரிந்தாலே லாட்டை ரிஜெக்ட் செய்கிறவர் நீங்கள். அதே நீங்கள், ‘ராஜராஜன் காலத்துக் காசுங்க’ என்று ஒருவர் நீட்டினால் உடனே ஜிபே செய்துவிடுகிறீர்கள். பழங்காசு சேகரிப்பும் மெர்ச்சன்டைசிங்தான். ஆனால் இங்கே மாட்டிக்கொண்டால் நஷ்டம் கம்பெனிக்கு அல்ல, உங்களுக்கு. ஃபேக்டரியில் பழகிய கண்ணை இங்கேயும் கொண்டுவாருங்கள்.

1. ஒரே ஸ்டைலில் தொடங்குங்கள். கண்டதையெல்லாம் வாங்கினால் டப்பாதான் நிறையும். ராஜராஜன் செப்புக்காசு நல்ல தொடக்கம்: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும். ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரணத் தரம் சில நூறு ரூபாய்தான். அதற்கும் முன் கை பழக வேண்டுமா? மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்திய கம்பெனி பர்மிங்ஹாமில் அடித்த 1808ஆம் ஆண்டின் 20 காசு இருக்கிறது. அதை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. 1980களில் மீட்ட சரக்கு இன்றும் மார்க்கெட்டில் சுற்றுகிறது.

2. அப்ரூவ்டு சாம்பிளைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அசல் காசுகளின் முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சங்க காலக் காசுகளில் ஆசை என்றால் இரா. கிருஷ்ணமூர்த்தியின் நூல்களைப் படித்துவிட்டு வாருங்கள். முதல் 3 மாதம் பார்ப்பது மட்டும்தான் வேலை. பர்ஸைத் திறக்காதீர்கள்.

3. டூல்ஸ் எடுங்கள். 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் தராசு, ஒரு காந்தம் போதும். செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஓரத்தில் ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் குமிழிப் புள்ளிகள் இருந்தால் வார்ப்பு நகலோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டு பழங்காசுகளில் தேய்மானமும் கீறலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையுமே தள்ளுங்கள்.

4. சப்ளையரை ஆடிட் செய்யுங்கள். நம் பக்கம் ரோமானியக் காசு கிடைத்தது உண்மை. 1842இல் கோவை வெள்ளலூரில் 522 வெள்ளிக்காசுகள் வந்தன; நொய்யல் கரைக் கொடுமணல் பழைய வணிக ஊர். இந்த உண்மையைச் சொல்லித்தான் போலியையும் விற்கிறார்கள். ‘ஆத்துல கெடச்சதுங்க’ என்ற கதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ், பில், ரிட்டர்ன் மூன்றையும் கேளுங்கள். முகம் சுளித்தால் நகர்ந்துவிடுங்கள்.

5. வாஷிங் வேண்டாம். புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் கூடாது. செம்பின் மேல் படிந்த பச்சையும் பழுப்பும்தான் காசின் ஃபினிஷ். அது போனால் விலையும் போச்சு. பிவிசி கவர் காசை அரிக்கும், மைலர் கவர் வாங்குங்கள். பிடிக்கும்போது விரல் ஓரத்தில் மட்டும் படட்டும்.

6. கம்ப்ளையன்ஸ் முக்கியம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வயது தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே ஆர்டர் கொடுத்த ஐரோப்பிய பையருக்குச் சோழர் காசு கிஃப்ட் என்ற ஐடியாவை இப்போதே கைவிடுங்கள். காலரில் பட்டனாக வைத்தாலும் குற்றம் குற்றமே! கடைக்கால் தோண்டும்போது புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம் அது.

7. காஸ்டிங் ஷீட் போடுங்கள். ஏலத்தில் உட்காரும் முன் உச்ச விலையை எழுதி வையுங்கள். பக்கத்து சீட்காரர் கை தூக்குகிறார் என்பதற்காக நீங்கள் தூக்காதீர்கள். வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் எடை, விலை, விற்றவர், வாங்கிய காரணம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள்.

ஒரு வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டுங்கள். எங்கே அவசரப்பட்டீர்கள், எந்தக் கதைக்கு மயங்கினீர்கள் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். நூல்காரரிடம் நீங்கள் ஏமாறுவதும் அதே இடத்தில்தான். இரண்டையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.